கேப்டன் தேர்ந்தெடுத்த பிளேயர்

எங்கள் கேப்டன் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தாம்பரம் கடைவீதியில், வாசல் முழுக்க மின்விசிறிகளைத் தொங்கவிட்டிருந்த ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கடை. அதன் உட்சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவிக்குள், வலைக்கு மேலே எழும்பிய நிலையில், வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றாள். டிவிக்குக் கீழே ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, அதே மாதிரி வாயைத் திறந்தபடி அசல் கேப்டன் நின்றாள். ஒரு பொத்தானை அமுக்கினாள். டிவிக்குள் இருந்தவளின் கை துளி முன்னால் வந்தது. மறுபடி அமுக்கினாள். இன்னும் துளி. "ஏட்டி, இதுதான்," என்றாள் என்னிடம், கண்ணை எடுக்காமலேயே. "வேற எதுவும் பாக்காண்டாம். இதையே கேளு."

இப்போது எந்த ஆட்டத்தையும் போனிலேயே எடுத்து, விரலால் நிறுத்தி, நகர்த்திப் பார்த்துவிடுகிறார்கள். நான் பயிற்சி கொடுக்கும் பெண்கள் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அதைச் செய்யும்போது எனக்கு அந்தக் கடைதான் நினைவுக்கு வரும். நினைத்த நொடியில் ஆட்டத்தை நிறுத்திப் பார்ப்பதற்கு அன்று ஒரு பெட்டியைத் தேடி அலைய வேண்டியிருந்தது. அந்தப் பெட்டி எங்களுக்கு என்னவெல்லாம் செய்தது என்பதைச் சொல்வதற்கு முன், நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரகடத்தில் கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து டேப் சுற்றி அனுப்பும் கம்பெனி ஒன்றில் நாங்கள் வேலை செய்தோம். லைனில் நின்றவர்களில் பெரும்பாலோர் தென் மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள். பன்னிரண்டாம் வகுப்போ ஐடிஐயோ முடித்தவுடன் பஸ் ஏறியவர்கள். டிரெய்னி என்ற பெயரில் மூன்று வருட வேலை; அது முடிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். கம்பெனி எங்களுக்குப் படப்பையில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தை ஹாஸ்டலாக எடுத்துக் கொடுத்திருந்தது. நான் விருதுநகர்ப் பக்கம். கேப்டன் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அங்கே கோயில் கொடியேறினால் வாலிபால் போட்டி நடக்கும், பெண்களும் இறங்கி ஆடுவார்கள். அவள் உயரம் என்று சொல்ல முடியாது. ஆனால் மணலில் குதித்துப் பழகிய கால்கள் என்பதால், சிமெண்ட் தரையில் குதிக்கும்போது அவளுக்குக் கீழே யாரோ பலகை வைத்துத் தள்ளிவிடுவதைப்போல எழும்புவாள். ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரமே பின்பக்கக் காலி மனையில் வலை கட்டினாள். வலை என்றால் இரண்டு மூங்கிலும் துணி காயப்போடும் கயிறும்தான். சில மாதங்களில் சூப்பர்வைசர்கூட அவளைக் கேப்டன் என்றே கூப்பிட்டார். நான் லிஃப்டர். பந்தை வலையோரம் தூக்கிக் கொடுப்பது என் வேலை, அதை அடித்து இறக்குவது அவள் வேலை.

மணிமங்கலத்தைத் தாண்டி ஒரு சிற்றூரில் மாதா கோயில் திருவிழாவை ஒட்டி ஆண்டுதோறும் பெண்களுக்கான வாலிபால் போட்டி நடக்கும். சுற்றுவட்டாரக் கம்பெனிகள், ஹாஸ்டல்கள், வாலாஜாபாத் வரை உள்ள ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் அணிகள் வரும். நாங்கள் முதல் வருடமே இறுதி ஆட்டம் வரை போனோம். அங்கே நீலச் சட்டை அணியிடம் தோற்றோம். அது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு பெரிய கம்பெனியின் அணி. அவர்களுக்குக் கோச் இருந்தார், ஷூ இருந்தது, தண்ணீர் கொண்டுவரத் தனி வேன் இருந்தது. அடுத்த வருடமும் இறுதி ஆட்டம், அதே அணி, அதே முடிவு. இரண்டு முறையும் தோற்ற விதம் ஒன்றுதான். மற்ற அணிகளைத் திணறடித்த கேப்டனின் அடிகள் நீலச் சட்டைக்காரிகளின் கைகளில் போய் விழுந்தன. அவள் ஓங்கி அடித்தால் வலையோரம் இருவர் கைகளை உயர்த்தி நின்றார்கள். ஏமாற்றி மெல்லத் தட்டிப்போட்டால் அங்கே ரெட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி ஏற்கெனவே வந்து குனிந்திருந்தாள்.

தோற்ற அணிக்குள் என்ன நடக்கும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். பின்வரிசையில் நிற்பவள் பந்தை விட்டாள் என்று ஒரு பேச்சு. அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். நான் பந்தைத் தாழ்வாகத் தூக்குகிறேன், அதனால்தான் எதிரிகள் சுதாரித்துவிடுகிறார்கள் என்று கேப்டனே என்னிடம் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னாள். நான் அந்த வருடம் முழுக்கப் பந்தை உயர்த்தித் தூக்கப் பழகினேன். மூன்றாம் வருடம் லீக் ஆட்டத்தில் மறுபடியும் நீலச் சட்டையைச் சந்தித்தோம். பந்து உயரமாகத்தான் போனது. மறுபடியும் தோற்றோம். மற்ற ஆட்டங்களை ஜெயித்திருந்ததால் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி மட்டும் கிடைத்தது. அதுவும் அதே நீலச் சட்டையோடு, இரண்டு வாரம் கழித்து. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு டிரெய்னிக் காலம் அடுத்த மாதம் முடிகிறது. அதற்கப்புறம் அந்த அணி என்று ஒன்று இருக்கப்போவதில்லை.

அந்தப் போட்டியைப் படம் பிடித்தவர் படப்பையில் ஸ்டுடியோ வைத்திருந்த வீடியோ அண்ணன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, தேர்ப்பவனி எல்லாம் அவர்தான். முதல் இரண்டு வருட ஆட்டங்களை டிவிடியில் போட்டுக் கொடுத்திருந்தார். மூன்றாம் வருடம் புதிதாக எச்.டி. கேமரா வாங்கியிருந்தார். லீக் ஆட்டம் முடிந்து கேப்டன் டிஸ்க் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். அவர் நீல நிறப் பெட்டிக்குள் இருந்த ஒரு டிஸ்க்கை நீட்டினார்.

"இது புளூ-ரே மா. உங்க டிவிடி பிளேயர்ல ஓடாது. இதுக்குன்னு தனி பிளேயர் கீது. ஆனா அதுல போட்டுப் பாரு, நெத்தில வேர்வ எறங்குறது கூடத் தெரியும்."

"வேர்வ வேண்டாம்ணே. பந்து எங்க போவுதுன்னு தெரியுமா?"

"பந்து மேல எழுதிகீற பேரே தெரியும்."

எங்களிடம் இருந்த டிவிடி பிளேயரின் தட்டு வெளியே வராமல் சிக்கி மாதக்கணக்காகிவிட்டது. கேப்டன் அந்த நீலப் பெட்டியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். எங்கே போட்டுப் பார்ப்பது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த வாரமே ஒரு நல்ல சேதி வந்தது. எங்கள் லைனில் ஆண்டு முழுக்க ஒரு விபத்துகூட நடக்காததற்காகக் கம்பெனி ஒரு பரிசு அறிவித்தது. ஹாஸ்டல் கூடத்துக்கு ஏதாவது ஒரு பொருளை நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், ஓர் எல்லைக்குள் இருந்தால் பில்லைக் கம்பெனி கட்டிவிடும். வார்டன் அம்மா எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் படப்பைக்காரர், சி.எஸ்.ஐ. சபையில் பெண்கள் சங்கத்தை நடத்துபவர், பத்துப் பேர் பேசினால் பதினொன்றாவதாகத்தான் வாயைத் திறப்பார்.

தேனிப் பக்கத்திலிருந்து வந்த பேக்கிங் அக்கா முதலில் எழுந்தாள். எங்களைவிட மூத்தவள், பேக்கிங் பிரிவில் வேலை. சினிமா என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதற்காக ஊரிலிருந்து டிரங்குப் பெட்டி நிறைய டிவிடிகள் கொண்டுவந்தவள். "நாலு மூலைக்கும் ஸ்பீக்கர் வச்ச ஹோம் தியேட்டர் வாங்குவம். பாட்டுப் போட்டா கெட்டிடம் அதிரணும்," என்றாள். பாதிக் கூடம் கை தட்டியது. இன்னொரு பக்கம், பென் டிரைவ் செருகும் சாதாரண பிளேயர் போதும், மிச்சத்துக்கு மிக்சி வாங்கலாம் என்றார்கள். கேப்டன் கடைசியாக எழுந்தாள். புளூ-ரே டிஸ்க்கும் ஓட வேண்டும், பழைய டிவிடியும் ஓட வேண்டும், படத்தை நிறுத்தி நகர்த்திப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு பிளேயர் வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டார்கள். இறுதி ஆட்டம் என்றாள்.

"ஒரு ஆட்டத்துக்காக எல்லாரும் படம் பாக்கறத விட்டுரணுமாக்கும்?" என்றாள் பேக்கிங் அக்கா.

"விட வேண்டாம்க்கா. ஃபைனல் முடியிற வரைக்கும் எனக்குத் தாங்க. அப்புறம் அந்த ரிமோட்ட நீங்கதான் வச்சிக்கிடணும்."

அக்கா பிடி கொடுக்கவில்லை. கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வார்டன் அம்மா பேச்சை முடித்து வைத்தார்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும் வார்டன் அம்மா, கேப்டன், பேக்கிங் அக்கா, நான் என நான்கு பேரும் ஷேர் ஆட்டோவில் நசுங்கித் தாம்பரம் போனோம். கேப்டன் பையில் வீடியோ அண்ணனின் மூன்று டிஸ்க்குகள். பேக்கிங் அக்கா பையில், பலமுறை பார்த்துக் கீறல் விழுந்த அவளுடைய பிரியமான படம் ஒன்றின் டிவிடி. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஸ்பீக்கர்கள் அடுக்கியிருந்த பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சத்தத்தைக் கூட்டிக் காட்டினார். நெஞ்சுக்குள் இடித்தது. பேக்கிங் அக்காவின் முகம் மலர்ந்தது.

கேப்டன் சத்தத்தைக் கேட்கவே இல்லை. பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து நீட்டினாள். "இதப் போடுங்கண்ணே."

கடைக்காரர் தயங்கினார். "இன்னாமா இது, கடைல ரெகார்ட் பண்ணதா? கம்பெனி டிஸ்க்னா ஓடும். இந்த மாறி ஆளுங்க எழுதித் தர்றதுலாம் சிலதுல எடுக்காது."

"எடுக்குதத வாங்கிக்கிடுதோம்."

ஹோம் தியேட்டர் பெட்டி புளூ-ரேவை ஓட்டியது, ஆனால் வீடியோ அண்ணன் எழுதிக் கொடுத்த முதல் வருட டிவிடியை உள்ளே இழுத்து, முனகி, வெளியே தள்ளிவிட்டது. அக்கா அதைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள், ஊதிப் போட்டுப் பார்த்தாள். பெட்டி மனம் இரங்கவில்லை. இரண்டாவதாக ஒரு பிளேயர். அது எல்லா டிஸ்க்கையும் எடுத்தது. நிறுத்தினால் நின்றது. ஆனால் மெதுவாக ஓட்டச் சொன்னால் படம் வெட்டி வெட்டித் தாவியது. நடுவில் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. கேப்டன் தலையாட்டிவிட்டாள். கடைக்காரருக்குப் பொறுமை குறைந்துகொண்டே வந்தது. வார்டன் அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னொண்ணு காட்டுப்பா. அதுங்க பரிசு, அதுங்க பாக்கட்டும்," என்றார்.

மூன்றாவதாக வந்தது ஒல்லியான கறுப்புப் பெட்டி, ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. "இது ஆன் ஆவுறதுக்கே நேரம் எடுக்கும். பென் டிரைவ்ல எல்லாப் படமும் எடுக்காது. சொல்லிட்டேன், அப்பால வந்து சண்ட போடக்கூடாது," என்றார் கடைக்காரர். அது மெதுவாகத்தான் விழித்தது. ஆனால் புளூ-ரேவை எடுத்தது, வீடியோ அண்ணனின் டிவிடிகளை எடுத்தது, நிறுத்திவிட்டுப் பொத்தானை அமுக்க அமுக்க ஒவ்வொரு படமாக நகர்ந்தது. அப்போதுதான் கேப்டன் டிவிக்குள்ளும் வெளியிலும் வாயைத் திறந்தபடி நின்றாள்.

பேக்கிங் அக்கா ஸ்பீக்கர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரரிடம் தன் படத்தை நீட்டி, "இதையும் அதுலயே போடுங்க," என்றாள் கசப்பாக. படம் ஓடியது. அந்தப் பெட்டி பழைய டிவிடியையும் பெரிய டிவிக்கு ஏற்றபடி சுத்தம் செய்து காட்டும் என்று கடைக்காரர் சொன்னதை நாங்கள் காதில் வாங்கியிருக்கவில்லை. அக்கா எத்தனையோ தடவை பார்த்த காட்சி. கதாநாயகி கிணற்றடியில் திரும்பிப் பார்க்கிறாள். அக்கா டிவிக்குப் பக்கத்தில் போனாள். "அடியே, இவ அழுதுருக்கா," என்றாள். "இத்தன வருசமா இந்த எடத்துல சும்மா பாக்குறான்னுல்ல நெனச்சேன்." பிறகு வார்டன் அம்மாவிடம், "இதையே போடச் சொல்லுங்க. சத்தத்த நாங்களே போட்டுக்கிறோம்," என்றாள்.

மறுநாள் ஞாயிறு. மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடம் நிரம்பிவிட்டது. அணிக்காரர்கள் தரையில் முன்வரிசையில் உட்கார்ந்தோம். ரிமோட்டைப் பேக்கிங் அக்கா எடுத்துக்கொண்டாள். இறுதி ஆட்டம் வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை, கேப்டனும் கேட்கவில்லை. சரியான நொடியில் நிறுத்துவது அவளுக்கு எப்படியோ கைவந்திருந்தது. லீக் ஆட்டத்தைப் போட்டோம். நீலச் சட்டைக்காரிகளின் பலவீனத்தைக் கண்டுபிடிப்பதுதான் கேப்டனின் திட்டம். யார் எந்தப் பக்கம் மெதுவாக நகர்கிறாள், யாருக்கு எந்தக் கை பலம் என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

கேப்டன் மெல்லத் தட்டிப்போட்ட ஒரு பந்து வந்தது. ரெட்டைப் பின்னல்காரி ஓடிவந்து எடுத்தாள். "நிறுத்துங்கக்கா. பின்னால கொண்டுபோய் மெதுவா விடுங்க," என்றாள் கேப்டன். மெதுவாக ஓடியது. கேப்டனின் விரல் பந்தில் இன்னும் படவே இல்லை. அதற்கு முன்பே அந்தப் பெண் முன்னால் காலை எடுத்து வைத்துவிட்டாள். மறுபடி போட்டோம். அடுத்த பந்துக்குப் போனோம். அதிலும் அப்படித்தான். கேப்டன் ஓங்கி அடித்த பந்துகளிலோ அவள் அசையாமல் பின்னாலேயே நின்றாள்.

"இவளுக்கு எப்படித் தெரியுது?" என்றாள் கேப்டன். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். என் லிஃப்டில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

பேக்கிங் அக்கா ஒவ்வொரு படமாக நகர்த்திக்கொண்டே இருந்தாள். முன்னும் பின்னும் இரண்டு பந்துகளை மாற்றி மாற்றிப் போட்டாள். பிறகு சொன்னாள்: "கேப்டன், கோவிச்சுக்காத. அவுக ஓன் எடது கையப் பாக்குறாக."

"எடது கையா?"

"நீ ஓங்கி அடிக்கப் போகையில எடது கைய இறுக்கிப் பொத்துற. தட்டிவிடப் போகையில வெரல விரிச்சு வச்சிருக்க. இந்தா பாரு."

டிவியில் பார்த்தோம். தெளிவாக இருந்தது. அந்தரத்தில் நிற்கும் கேப்டனின் இடது கை, ஒன்றில் கெட்டியான முஷ்டி, இன்னொன்றில் விரித்த ஐந்து விரல்கள். பழைய டிவிடிகளைப் போட்டோம். அவற்றில் அந்தக் கை வெறும் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டதால் அந்த மங்கலிலும் பார்க்க முடிந்தது. முஷ்டி என்றால் சின்னப் புள்ளி, விரித்த கை என்றால் நீண்ட நிழல். முதல் வருட இறுதி ஆட்டம், அடுத்த வருட இறுதி ஆட்டம், ஒரு பந்துகூடத் தப்பவில்லை. இது அந்தக் கோச்சின் கண்ணில் முதல் வருடமே பட்டிருக்க வேண்டும்.

கேப்டன் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். அவளைப் பின்தொடர எங்களுக்குத் துணிவில்லை. எதிரியின் பலவீனத்தைத் தேடுவதற்காகக் கூடத்தையே எதிர்த்து அவள் வாங்க வைத்த பெட்டி, அத்தனை பேருக்கும் முன்னால் அவளையே காட்டிக்கொடுத்துவிட்டது. இனி ஆட வரமாட்டாளோ என்றுகூட நினைத்தேன். டீ வரும் நேரத்தில் இறங்கி வந்தாள். நேராகப் பின்வரிசைப் பெண்ணிடம் போனாள், அழுதவளிடம். "நீ விட்ட பந்துல ஒண்ணும் இல்லட்டி. எல்லாம் நான் விட்டது," என்றாள். பிறகு என்னிடம் வந்தாள். "ஒன் லிஃப்ட் மொதல்லயே நல்லாத்தான் இருந்துச்சு. உயரத்த மாத்தச் சொன்னது நாந்தான். பழைய மாதிரியே தூக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ரெண்டு வருசமா அவளுவகிட்டச் சொல்லிச் சொல்லி அடிச்சிருக்கேன் பாரு."

மறுநாளிலிருந்து அந்தப் பழக்கத்தை விடப் பார்த்தாள். முடியவில்லை. இடது கையை நினைத்தால் அடியில் வேகம் போனது. வேகத்தை நினைத்தால் கை பொத்திக்கொண்டது. மூன்றாம் நாள் மாலை பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே யோசித்தவள், "இத நிறுத்த முடியாது. பொய் சொல்லப் பழக்குவோம்," என்றாள். தட்டும்போது கையைப் பொத்துவது எளிதாக வந்துவிட்டது. விரித்த கையோடு ஓங்கி அடிப்பதுதான் பாடாய்ப் படுத்தியது. கடையிலிருந்து ஒயர் டேப் வாங்கி, இடது கை விரல்களை ஐஸ்குச்சிகளோடு சேர்த்துச் சுற்றி, மடக்கவே முடியாதபடி கட்டிவிட்டேன். லைனில் நாளெல்லாம் நாங்கள் செய்த வேலைதானே, கச்சிதமாக வந்தது. ஷிப்ட் முடிந்து வந்த ஒவ்வொரு மாலையும் காலி மனையில் நான் தூக்கினேன், அவள் அந்தக் கட்டுக் கையை விரித்துக்கொண்டு அடித்தாள். வீடியோ அண்ணன் ஒருநாள் கேமராவோடு வந்து எடுத்துக் கொடுத்தார். பேக்கிங் அக்கா அதை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, "இன்னும் கட்டை விரல் மடங்குது," என்று திருப்பி அனுப்பினாள். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் கட்டைப் பிரித்தோம். அடித்தாள். விரல்கள் விரிந்தே இருந்தன.

திருவிழா மைதானத்தில் பந்தல், கொடி, பலூன்காரர்கள், ஒலிபெருக்கி. ஹாஸ்டலே கிளம்பி வந்திருந்தது. வார்டன் அம்மா பங்குத்தந்தைக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் குடையோடு. முதல் செட்டில் கேப்டன் தன் கையை அதன் இயல்பில் விட்டாள். அப்படித்தான் திட்டம். பொத்தினால் அடித்தாள், விரித்தால் தட்டினாள். நீலச் சட்டை எல்லாவற்றையும் எடுத்தது. செட்டை இழந்தோம். எங்கள் பக்கம் இருந்தவர்கள் முகம் வாடிப்போனது. விஷயம் தெரிந்த ஹாஸ்டல் பெண்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது செட் பாதியில் நான் பந்தைத் தூக்கினேன், என் பழைய உயரத்தில். கேப்டன் எழும்பினாள். இடது கை விரிந்தது. ரெட்டைப் பின்னல்காரி முன்னால் பாய்ந்தாள். பந்து அவளுக்குப் பின்னால், அவள் விட்டுவந்த இடத்தில் வெடித்தது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் கோச்சைப் பார்த்தாள். அடுத்த பந்து, இறுக்கிய முஷ்டி. வலையோரம் இருவர் சேர்ந்து குதித்தார்கள். கேப்டன் அவர்கள் தலைக்கு மேலே பூப்போலத் தட்டிவிட்டாள். பந்து யாருமில்லாத இடத்தில் மெதுவாக விழுந்து உருண்டது. மைதானத்தில் எழுந்த சத்தத்துக்கு எந்த ஹோம் தியேட்டரும் ஈடாகாது. நீலச் சட்டைக் கோச் நேரம் கேட்டார். எதையோ விளக்கினார். அதற்குப் பிறகு அவர்கள் கையை நம்பவும் முடியாமல் நம்பாமல் இருக்கவும் முடியாமல் அரை அடி தாமதமாகவே வந்தார்கள். அந்த செட் எங்களுடையது.

மூன்றாவது செட் கடைசி வரை சமமாகப் போனது. அதற்குள் அவர்களும் புரிந்துகொண்டிருந்தார்கள். விரித்தால் அடி, பொத்தினால் தட்டல் என்று தலைகீழாகப் படிக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்களுக்கு ஒரு புள்ளி போதும் என்ற நிலையில் பந்து என்னிடம் வந்தது. தூக்கினேன். எழும்பும்போது கேப்டனின் இடது கை பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். ரெட்டைப் பின்னல்காரியும் பார்த்தாள். தட்டப்போகிறாள் என்று முன்னால் ஓடி வந்தாள். கேப்டன் தன் பழைய முஷ்டியோடு, அத்தனை வருடப் பழக்கத்தின் முழு வேகத்தோடு ஓங்கி அடித்தாள். பந்து அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே போய்ப் பின்கோட்டில் விழுந்து சுண்ணாம்பைக் கிளப்பியது. கோட்டு நடுவர் கொடியைக் கீழே காட்டினார். பந்து உள்ளே. நான் கேப்டனைக் கட்டிப்பிடிக்க ஓடினேன். எனக்கு முன்னால் பேக்கிங் அக்கா அவளைத் தூக்கிவிட்டிருந்தாள்.

கோப்பை கொடுத்து முடிந்த பிறகு நீலச் சட்டைக் கோச் எங்களைத் தேடி வந்தார். தலை நரைத்த மனிதர். "இன்னாமா பண்ணே? மொத செட்ல ஒரு மாறி ஆடுனே, அப்பால வேற மாறி ஆயிட்டே," என்றார். கேப்டன் எதையும் ஒளிக்கவில்லை. டிஸ்க்கைப் போட்டுப் பார்த்ததைச் சொன்னாள். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எங்கே வேலை, எப்போது முடிகிறது என்று விசாரித்தார். தன் கம்பெனி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், நிரந்தர வேலை, வருகிறாயா என்று கேட்டார்.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எத்தனை ஆயிரம் பேர் 'நிரந்தரம்' என்ற அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கேப்டன் உடனே தலையாட்டவில்லை. என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "சார், இவ தூக்கிக் குடுத்தாத்தான் நான் அடிப்பேன். இவளையும் பாருங்க." கோச் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் கடசி பந்து நீ தூக்குனதுதானே? நல்ல லிஃப்ட். ரெண்டு பேரும் வாங்க."

அவரும் வாக்கு மாறவில்லை, அவருடைய கம்பெனியும் மாறவில்லை. ஹாஸ்டல் தோழிகள் அடுத்த மாதம் ஒவ்வொருவராக ஊருக்கு பஸ் ஏறினார்கள், அழுதுதான் வழியனுப்பினோம். நானும் கேப்டனும் மட்டும் ஸ்ரீபெரும்புதூருக்குப் பெட்டியைக் கட்டினோம். நான் இன்றும் அங்கேதான் இருக்கிறேன். கேப்டன் பல வருடம் அந்த அணிக்காக ஆடிவிட்டு, இப்போது தன் கடற்கரை ஊரில் பெண்களுக்கு அணி நடத்துகிறாள்.

நீலச் சட்டை போட்டு நாங்கள் பயிற்சிக்குப் போன முதல் நாள். நேற்றுவரை எதிரிகளாக இருந்தவர்கள் ஷூ கயிறு கட்டிக்கொண்டே எங்களை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ரெட்டைப் பின்னல்காரி மட்டும் எழுந்து வந்தாள். "அக்கா, அந்தக் கடசி பந்து. கையப் பாத்துதான் வந்தேன். எப்டிக்கா அப்டி அடிச்சீங்க?" என்றாள். கேப்டன் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். முஷ்டி, ஐஸ்குச்சி, டேப், கட்டை விரல். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பட்ட பாடெல்லாம் இப்படியா அள்ளிக் கொடுப்பது என்று அவள் முழங்கையை இடித்தேன்.

கேப்டன் திரும்பிப் பார்த்தாள். "சும்மா இருட்டி," என்றாள். "இனிமே இவளுவளும் நம்மாளுவதானே."